குளச்சல் கடையில் டிஎன்எஸ்மாஸ்க், 2016இலிருந்து

குளச்சலில் எங்களுக்கு டிடிபி, போட்டோ பிரிண்ட் கடை. ஐந்து கம்ப்யூட்டர், மூன்று பிரிண்டர், படங்களெல்லாம் கிடக்கும் ஒரு ஸ்டோரேஜ் பெட்டி. கரண்ட் போய் வந்தால் மோடம் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு புது ஐபி எண்ணை, அதாவது நெட்வொர்க்கில் அதன் முகவரியைக் கொடுத்துவிடும், உடனே உள்ளேயிருந்து "அண்ணே, கலர் பிரிண்டர் இப்ப எந்த நம்பரு?" என்று குரல் வரும். சுவரில் ஒட்டிய தாளில் அடித்து அடித்து எழுதி அந்தத் தாளே கிழிந்துவிட்டது. அதற்காகத்தான் 2016 கடைசியில் ராஸ்பெர்ரி பை 3 என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி அதில் டிஎன்எஸ்மாஸ்க் போட்டேன்.

சைமன் கெல்லி எழுதிய சின்ன மென்பொருள். பெயரைக் கேட்டால் எண்ணைச் சொல்லும் (இதுதான் டிஎன்எஸ்), தனக்குத் தெரியாததை வெளியே கேட்டு வந்து கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்துக்கொள்ளும், மெஷின்களுக்கு ஐபி எண் கொடுக்கிற டிஎச்சிபி வேலையையும் அதுவே பார்க்கும். ஒரு மெஷினின் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டோடு வரும் எண்), பெயர், ஐபி மூன்றையும் ஒரே வரியில் எழுதினால் போதும். எல்லாம் வந்து சேருகிற ஸ்டோரேஜுக்கு பேச்சிப்பாறை, மை கொட்டுகிற கலர் பிரிண்டருக்கு திற்பரப்பு, ஓரமாக இருக்கும் பில் பிரிண்டருக்கு முட்டம் என்று பெயர் வைத்தேன். கடைத் தம்பிகளுக்கு ஒரே நாளில் மனப்பாடம் ஆகிவிட்டது.

ஆரம்பத்தில் செய்த தப்புகளைச் சொல்லிவிடுகிறேன். மோடத்தின் டிஎச்சிபியை அணைக்க மறந்துவிட்டேன், பாதி மெஷின் அதனிடமும் பாதி இதனிடமும் எண் வாங்கி ஒரு நாள் முழுக்கக் குழப்பம். பெயர்களின் கடைசியில் டாட் லோக்கல் என்று வைத்திருந்தேன், அது சர்வர் இல்லாமல் மெஷின்கள் தங்களுக்குள்ளேயே பெயர் கேட்டுக்கொள்ளும் எம்டிஎன்எஸ் முறைக்கு ஒதுக்கப்பட்டது, ஆப்பிள் மெஷின் நம் சர்வரைக் கேட்காமல் நெட்வொர்க்கில் பொதுவாகக் கூவிக் கேட்கும். வீட்டு நெட்வொர்க்குக்கென்றே ஹோம் டாட் ஆர்ப்பா என்று 2018இல் ஒதுக்கினார்கள், இப்போது அதுதான் வைத்திருக்கிறேன். அப்புறம், பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று இரண்டாவது டிஎன்எஸ்ஸாக கூகுளின் 8.8.8.8 கொடுத்தீர்கள் என்றால், முதலாவது நன்றாக ஓடும்போதே சில மெஷின்கள் இரண்டாவதிடம் போய் திற்பரப்பு எங்கே என்று கேட்கும், அதற்கென்ன தெரியும்? அப்படி ஒரு பெயர் இல்லை என்று சொல்லிவிடும். இரண்டு வேண்டுமென்றால் இரண்டையும் நாம்தான் வைக்க வேண்டும்.

ஆனால் நான் உண்மையில் பாடம் படித்தது ஓகி புயலில். 2017 நவம்பர் 30 காலையில் போன கரண்ட் எங்கள் தெருவுக்குப் பத்தாம் நாள்தான் வந்தது. கடலுக்குப் போய் இன்னும் திரும்பாதவர்களின் படத்தைப் பெரிதாகப் போட்டு எடுத்துப்போக ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள், ஒரு அக்கா, தன் மகன் படம் துபாயிலிருந்து மெயிலில் வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மெயில் திறக்கவில்லை. திற்பரப்பு என்று அடித்தால் பிரிண்டர் வருகிறது, வெளியே எந்தத் தளமும் பெயர் சொன்னால் வரவில்லை, எண்ணைப் போட்டு பிங் அடித்தால் (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்த்தால்) போகிறது. ராஸ்பெர்ரி பைக்குள் நுழைந்து தேதியைக் கேட்டேன், நவம்பர் 30 என்றது.

அந்த மாடலில் பேட்டரியோடு கடிகாரம் கிடையாது, அணையும் முன் குறித்துவைத்த நேரத்திலிருந்துதான் எழும். வெளியிலிருந்து வரும் பதில் போலியா என்று டிஜிட்டல் கையெழுத்தை வைத்துப் பார்க்கும் டிஎன்எஸ்செக் சரிபார்ப்பை நான் ஆன் செய்து வைத்திருந்தேன். அதில் ஒவ்வொரு கையெழுத்துக்கும் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று இருக்கும், பத்து நாள் பின்னால் நிற்கிற மெஷினுக்கு எல்லாமே செல்லாத கையெழுத்து. நேரத்தைச் சரிசெய்ய டைம் சர்வரைக் கேட்க வேண்டும், அதன் பெயரையும் இதே டிஎன்எஸ்தான் சொல்ல வேண்டும். கையால் தேதியைப் போட்டதும் இரண்டு நிமிடத்தில் எல்லாம் வந்தது. அந்தப் பிரிண்டுக்கு நாங்கள் காசு வாங்கவில்லை. அடுத்த வாரமே டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒன்று வாங்கி மாட்டினேன், ஒரு டைம் சர்வரை எண்ணாகவே எழுதியும் வைத்தேன்.

மற்றபடி பெரிய தொந்தரவு இல்லை. எல்லாக் கேள்வியையும் லாகில் (பதிவுக் கோப்பில்) எழுத விட்டதில் ஒரு மெமரி கார்டு செத்தது, இப்போது தேவைப்பட்டால் மட்டும் ஆன் செய்கிறேன். ஞாபகம் வைத்துக்கொள்ளும் கேஷ் 150 பெயர்தான் என்று வரும், கடைக்கு 1000 ஆக்குங்கள். ஆண்ட்ராய்டில் பிரைவேட் டிஎன்எஸ்ஸுக்கு வெளிச் சர்வர் பெயர் ஏதாவது போட்டிருந்தால் அந்தப் போனுக்கு நம் பெயர்கள் தெரியாது. 2021 ஜனவரியில் டிஎன்எஸ்மாஸ்க்கில் ஏழு பாதுகாப்பு ஓட்டைகள் வெளியாயின, 2.83 பதிப்பில் அடைத்தார்கள். ஓடுகிறதே என்று அப்டேட் செய்யாமல் விடாதீர்கள்.

கடல் காற்றுக்கு லேன் போர்ட்டின் பின்கள் பச்சை பூத்துவிடும், வருடம் இரண்டு முறை துடைக்கிறேன். போன வருடம் இரண்டாவது ராஸ்பெர்ரி பை ஒன்றும் வைத்தாயிற்று, அதே பெயர்ப் பட்டியலோடு, கடிகார மாட்யூலோடு.