குடவோலையா, ஏதென்ஸ் சீட்டா?

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் பதவிக்கு ஒருவரும் கை தூக்கவில்லை. போன முறை இருந்தவர் ஜெனரேட்டர் திருத்திய கணக்கையே இன்னும் காட்டவில்லை; அந்த வம்பு யாருக்கு வேண்டும்? "சீட்டுக் குலுக்குவம் தம்பி. சோழன் காலத்திலேயே செய்த வேலைதானே" என்றார் நாலாம் மாடி மாமா. "அதுக்கும் முந்தியே கிரேக்கர் செய்திட்டினம், மாமா" என்றேன். வாய் சும்மா இருக்காதே. வீட்டுக்கு வந்து, கிரேக்க நகரமான ஏதென்ஸின் சீட்டையும், ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு எடுக்கும் சோழர் காலக் குடவோலையையும் அருகருகே வைத்துப் பார்த்தேன்.

ஏதென்ஸில் கதவு கொஞ்சம் அகலம். 500 பேர் கொண்ட மன்றத்துக்குப் பத்துக் குலங்களிலிருந்தும் ஐம்பது ஐம்பது பேராகச் சீட்டில் எடுத்தார்கள். 30 வயதான குடிமகன் வரலாம். ஆயுளில் இரண்டு முறைக்கு மேல் முடியாது. மாறி மாறி ஆள்வதும் ஆளப்படுவதும் சுதந்திரத்தின் ஒரு பகுதி என்பது அவர்கள் எண்ணம். வாக்குப் போட்டுத் தேர்ந்தால் பணமும் பெயரும் உள்ளவனே வருவான் என்ற சந்தேகமும் இருந்தது. ஆனால் படைத்தலைவர்களை மட்டும் வாக்கால்தான் தேர்ந்தார்கள். உயிர் போகிற விஷயத்தில் குலுக்கலை நம்பவில்லை போலும்!

தமிழ்நாட்டில் குடவோலை நடந்த உத்தரமேரூரில் கதவு ஒடுக்கம். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, கால் வேலிக்கு (வேலி அந்தக் கால நில அளவு) மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கும் 70க்கும் இடையில் இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிராமணர் ஊர்ச்சபை. தொடர்மாடிக்காரருக்குத் தனி மனை ஏது? அந்த இடத்திலேயே நாங்கள் எல்லோரும் அவுட்.

பெண்களுக்கு இரண்டு ஊரிலும் இடமில்லை. ஏதென்ஸில் அடிமைகளுக்கும் வெளியூராருக்கும்கூட இல்லை. 1931இலேயே பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்த தீவில் இருந்துகொண்டு இரண்டில் எதையும் அப்படியே தூக்கிவர முடியாது.

சரி, உத்தரமேரூரில் எனக்கு என்ன பிடித்தது? குலுக்கும் விதம். முப்பது குடும்புகளிலிருந்தும் (ஊரின் வட்டாரங்கள்) பெயர் எழுதிய ஓலைகள் குடத்தில் விழும். விவரம் அறியாத சிறுவன் ஒருவன் எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் அதை வாங்கி உரக்க வாசிப்பான். விரல் ஏன் விரிய வேண்டும்? இடுக்கில் வேறோர் ஓலையை ஒளித்துவிடக் கூடாது. இதைக் கல்லில் வெட்டி வைத்தவர்கள் மனிதரை நன்றாகவே அறிந்திருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிது கணக்கு. ஏதென்ஸிலும் பதவி முடிந்தால் தணிக்கை உண்டு. அது முடியாமல் நாட்டை விட்டுப் போக முடியாது. உத்தரமேரூர் இன்னும் ஒரு படி மேலே போகிறது. வாரியம் என்ற ஊர்ச்சபைக் குழுவில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்துக்குள் போகாது. அவனுடைய மாமனார், மருமகன், சிற்றன்னை, பெரியன்னை பிள்ளைகள் பெயரும் போகாது. யார் உள்ளே வரலாம் என்பதில் நான் ஏதென்ஸ் பக்கம். வந்தவரைப் பிடித்து வைப்பதில் உத்தரமேரூர் பக்கம்.

அடுத்த கூட்டத்துக்கு மாமா வெறும் பால்மா டின் ஒன்றோடு வந்தார். கல்வெட்டு விதியை விளக்கிச் சொன்னேன். மாமி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். போன முறைப் பொருளாளர் மாமாவின் மருமகன்.