தஞ்சாவூர் ஒருநாள் சுற்றுலா: கார் நன்று, கதைகள்தான் தாங்கவில்லை

போன மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு தஞ்சாவூர் போனேன். காரும் வழிகாட்டியும் சேர்த்து ஒருநாள் பேக்கேஜ். நடத்துகிறவர்கள் பெயர் வேண்டாம், விடுங்கள். கார் சுத்தம், டிரைவர் அண்ணன் நிதானம், அம்மா ஏறி இறங்கும்போதெல்லாம் கதவைப் பிடித்துக்கொண்டார். குறையெல்லாம் நேரத்தைப் பிரித்த விதத்திலும் வழிகாட்டி சொன்ன கதைகளிலும்தான்.

காலை ஏழரைக்கே பெரிய கோயில். இது சரியான ஏற்பாடு, வெயில் ஏறிவிட்டால் அந்தக் கல் தரையில் வெறுங்காலோடு நிற்கவே முடியாது. ஆனால் "கோபுர நிழல் தரையில விழவே விழாது சார்" என்று வழிகாட்டி ஆரம்பித்தபோது நாங்கள் விமானத்துக்கு, அதாவது கருவறைமேல் எழும் அந்தக் கோபுரத்துக்குப் பின்னால், மேற்குப் பக்கம், அந்த நிழலுக்குள்ளேதான் நின்றுகொண்டிருந்தோம், கல் ஜில்லென்று இருந்தது. அம்மா தரையைப் பார்த்துவிட்டு, "அப்போ இது என்ன தம்பி?" என்றார். அவர் உச்சிக் கல்லின் எடைக்குத் தாவிவிட்டார்.

இந்தக் கதையெல்லாம் எதற்கு என்றுதான் கேட்கிறேன். 1010-ல் முடித்த கோயில், சுவரெல்லாம் எழுத்து. தான் கொடுத்ததையும், அக்கா குந்தவை கொடுத்ததையும், தன் பெண்டுகளும் மற்றவர்களும் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொல்லியிருக்கிறார் ராஜராஜன். இன்னொரு கல்வெட்டில் தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் பணிக்கு வந்த ஆடல் மகளிர், 400 பேர், யார் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், தெருவில் எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீடு என்பது வரைக்கும். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கதவிலக்கப் பட்டியல்! அதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

அப்புறம் அரண்மனை. இதற்கு அவர்கள் ஒதுக்கியது முக்கால் மணி நேரம், அதுவும் உள்ளே ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி டிக்கெட், அதை வாங்குவதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. உள்ளே இருக்கும் சரஸ்வதி மகால் நூலகத்தில் பொதுமக்கள் பார்க்கும் அருங்காட்சியகம் சின்னதுதான், ஆனாலும் மனித முகத்தையும் விலங்கு முகத்தையும் அருகருகே வைத்து வரைந்த பிரெஞ்சு ஓவியர் லெ பிரனின் படங்களை விடாதீர்கள், சொந்தக்காரர் இரண்டு பேர் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. மணிக்கூண்டு, திமிங்கல எலும்புக்கூடு எல்லாம் குழந்தைகள் இருந்தால் பாருங்கள்.

அதே அரண்மனையில் இருக்கும் கலைக்கூடத்துக்கு மட்டும் மறுநாள் காலை ஆட்டோ பிடித்துத் திரும்ப வந்தோம். திருவெண்காட்டில் மண்ணுக்கடியில் கிடைத்த ரிஷபவாகனர், காளையோடு நிற்கும் சிவனின் வெண்கலச் சிலை, அங்கேதான் இருக்கிறார். 1011-ல் வார்த்தது, அதாவது பெரிய கோயில் முடிந்த மறுவருஷம். தலைமுடி பாம்புகளோடு சேர்ந்து தலைப்பாகை மாதிரி சுற்றியிருக்கிறது, ஒரு கால் மாற்றிப் போட்டு, ஒரு கையை மடக்கிக் காளையின்மேல் சாய்ந்து நிற்கிறார். காளைதான் இல்லை, அது கிடைக்கவேயில்லை. ஆனால் அந்த முழங்கையின் தளர்ச்சியைப் பார்த்தால் மாட்டின் உயரம் எவ்வளவு என்று கை காட்டிச் சொல்லிவிடலாம். அம்மா பக்கவாட்டில் போய் நின்று நிஜமாகவே கையை வைத்து அளந்தார், காவலர் முறைத்தார். பக்கத்தில் அம்மனும் இருக்கிறார். இந்த ஓர் அறைக்கே ஒரு மணி நேரம் வேண்டும்.

மதியச் சாப்பாடு அவர்கள் கூட்டிப்போன இடத்தில் சுமார். தஞ்சாவூர் வந்தால் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் கடப்பா எங்கே கிடைக்கும் என்று நீங்களே விசாரித்துப் போய்விடுங்கள்.

கார் மட்டும் பேசிக்கொள்ளுங்கள், பேக்கேஜ் வேண்டாம். பெரிய கோயிலில் நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள், அதனால் காலையில் கோயில், பகல் முழுக்க அரண்மனை, பொழுது சாயும்போது மறுபடி கோயில் என்று வைத்துக்கொண்டால் அவசரமே இருக்காது.

ஐந்துக்கு இரண்டு. இரண்டுமே டிரைவர் அண்ணனுக்கு.