பழைய ஐசியும் 23 லட்சமும்

வெளிநாட்டில் ஓய்வுபெற்று ஊரில் வந்து இருக்க நினைக்கும் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கே வெட்கமான பகுதியையும் மறைக்கவில்லை.

1987 இல் போனவன் நான். ரொறன்ரோவில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை. 2022 இல் ரூபாய் விழுந்து அமெரிக்க டொலர் 200 இலிருந்து 360 ஐத் தாண்டியபோது எங்கள் வயதுக்காரர் எல்லாரும் ஒரே கணக்கைத்தான் போட்டோம்: கனடாப் பென்சனோடு யாழ்ப்பாணத்தில் ராசா மாதிரி இருக்கலாம். அந்தக் கணக்கிலும் ஓட்டை உண்டு. 18 வயதுக்குப் பிறகு அங்கே 20 வருடம் இருந்தவருக்கு முதியோர் பென்சன் எந்த நாட்டில் இருந்தாலும் வரும். வருமானம் குறைந்தவர்களுக்கு அதற்கு மேல் தரும் உதவித்தொகையோ, ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் வெட்டுப்படும். சரி, என்னை விழுத்தியது அதில்லை.

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் விலைக்கு வந்த இரண்டு பரப்புக் காணி, பழைய கல்வீடு. கிணற்றடியில் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம். நான் போன அன்று காய்த்துக் குலுங்கிக்கொண்டு நின்றது. தரகர் ஒரு பழத்தைப் பிடுங்கி, தன் சேட்டிலேயே துடைத்து என் கையில் தந்தார். அந்தப் பழத்தோடேயே என் புத்தி போய்விட்டது என்று மனைவி இன்றைக்கும் சொல்லுவாள்.

கனடாப் பிரசாவுரிமை எடுத்தபோதே என் இலங்கைப் பிரசாவுரிமை போய்விட்டது. இரட்டைப் பிரசாவுரிமைக்கு நான் விண்ணப்பிக்கவில்லை. 2014 இன் 38 ஆம் இலக்கக் காணிச் சட்டப்படி வெளிநாட்டவர் பெயருக்குக் காணி எழுத முடியாது. எழுதினாலும் அந்த உறுதி செல்லாது. முதுசமாக வருவது, தொடர்மாடி வீடு என்று சில விலக்குகள் உண்டு. இரட்டைப் பிரசைக்கு இந்தத் தடையே இல்லை. இவ்வளவும் எனக்கு அரைகுறையாகத் தெரியும். தரகரிடம் கேட்டேன்.

“ஐயா, நீங்கள் இஞ்ச பிறந்த ஆள்தானே. பழைய ஐசி இருக்கோ? அது காணும். டுவல் எண்டு கொழும்புக்கு அலையிறது விசர் வேலை.”

அந்த அடையாள அட்டை என்னிடம் இருந்தது. ஒன்பது இலக்கமும் ஒரு ‘வி’யும், கறுத்த மீசையோடு என் இளவயதுப் படமும். தரகர் அதைப் பிரதி எடுத்துக்கொண்டார். மறுநாள் முத்திரை ஒட்டிய ஒரு தாளில் என்னை ‘இலங்கைப் பிரசை’ என்று எழுதி, அதன் கீழே கையெழுத்து வாங்கினார். பொய் என்று தெரிந்தேதான் போட்டேன். முற்பணம் 35 லட்சம் கொடுத்தேன்.

மூன்று கிழமை கழித்து பிரான்சிலிருந்து வட்ஸ்அப்பில் ஒரு பெண் கதைத்தார். “அண்ணை, அந்தக் காணியில எனக்கும் பங்கிருக்கு. ஆர் உங்களுக்கு விக்கிறது?”

அப்புறம்தான் சொந்தமாக ஒரு சட்டத்தரணியைப் பிடித்துத் தோம்பு, அதாவது காணியின் உரிமைப் பதிவுகளைப் பார்த்தேன். காசு கொடுக்க முதல் செய்திருக்க வேண்டிய வேலை. காணி மூன்று பிள்ளைகளுக்கு வந்த முதுசம். விற்க நின்றவரிடம் தன் பங்கும், கொழும்பில் இருக்கும் தமையன் தன் சார்பில் கையெழுத்திடக் கொடுத்த அற்றோணித் தத்துவமும் மட்டும்தான் இருந்தன. பிரான்சிலிருந்து கதைத்த தங்கைக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் கையெழுத்து இல்லாமல் அவர் பங்கு வராது. அதற்கு மேல் தேசவழமை என்ற யாழ்ப்பாணத்து மரபுச் சட்டம் வேறு. 1947 ஆம் ஆண்டுச் சட்டப்படி பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும்தான் முதலில் வாங்கும் உரிமை, அவர்களுக்கு அறிவித்தல் கொடுக்காமல் வெளியாளுக்கு விற்றால் வழக்கு வரும். நான் கையெழுத்திட்ட தாளை வைத்துக் காணியைக் கேட்கவும் வழியில்லை. காணி விற்பனை ஒப்பந்தம் என்றால் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். 1840 இலிருந்து இருக்கிற சட்டம் அது. கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கலாம், அவ்வளவுதான்.

தரகரிடம் கேட்டேன். முதலில் “நாளைக்கு” என்றார், பிறகு “உறவுக்காரர் செத்த வீடு” என்றார். பொலிசுக்குப் போவேன் என்று சொன்ன அன்றுதான் ஆளின் குரல் மாறியது. “போங்கோ ஐயா. கனடாப் பாஸ்போட்டோட வந்து இலங்கைப் பிரசை எண்டு கையெழுத்து வைச்சது நீங்கள்தானே. அதையும் சேத்துச் சொல்லுங்கோ.”

ஐசியை ஏன் அவ்வளவு ஆசையாகக் கேட்டார் என்பது அப்போதுதான் விளங்கியது. என் பொய்யை எனக்கே பூட்டாகப் போட்டிருந்தார். இதே விதமாக மாட்டுப்பட்டு வாய் திறக்காமல் இருக்கும் இரண்டு பேரை அதற்குப் பிறகு சந்தித்தேன். ஒருவர் லண்டன், மற்றவர் நோர்வே.

சட்டத்தரணியின் கடிதம் போன பிறகு நாலு தவணையில் 12 லட்சம் வந்தது. மிச்சம் 23 லட்சத்துக்கு வழக்குப் போடுவதா என்று இன்னும் யோசிக்கிறேன். இப்போது வாடகைக்கு ஒரு அனெக்ஸில் இருக்கிறோம். 55 வயது கடந்தவர் என்ற பிரிவில் இரட்டைப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டேன். அது கையில் வரும்வரை எந்தக் காணியையும் பார்க்கப் போவதில்லை, மாமரம் நிற்கும் காணியை முக்கியமாக.

பழைய ஐசியை அலுமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். அதன் பிரதி இன்னும் தரகரிடம்தான் இருக்கிறது.