சங்குமீன் வாங்கலாமா என்று கேட்டவனுக்கு

மீன்தொட்டி மோட்டார் நின்றுபோனது இது நாலாவது தடவை. தக்கலையில் வழக்கமாகப் போகும் ரிப்பேர் கடையில் கொடுத்தேன். கடைக்கார அண்ணன் மூடியைக் கழற்றி, உள்ளே சுற்றும் காந்த உருளையை இழுத்து வெளியே எடுத்தார். அதற்குக் கன்னங்கரேலென்று தாடி முளைத்திருந்தது. விரலால் ஒரு வழி வழித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மணவாளக்குறிச்சியா?" என்றார். டாக்டர் நாக்கைப் பார்த்ததும் "நேத்து என்ன சாப்பிட்டீரு?" என்று கேட்பாரே, அந்தத் தோரணை. ஷாஃப்ட் பாதி தேய்ந்திருந்தது. மாற்றிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே கல்லூரித் தோழன் ஒருவன் போன் பண்ணினான். "மக்கா, ஒரு ரெண்டடித் தொட்டி சும்மா கிடக்கு. நீ வளக்குற அந்த ஆப்பிரிக்கா மீனை வாங்கிப் போடலாமா?"

"சவத்தை வாங்காதே" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ராத்திரி படுத்த பிறகு, மீன் என்ன பண்ணும் பாவம் என்று தோன்றியது. அதனால் கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன். நிதானம் கடைசி வரை நிற்குமா என்பது வேறு விஷயம்.

மீன் மல்ட்டி, காலி நத்தைக்கூட்டுக்குள் குடியிருப்பது. முழுப் பெயர் நியோலாம்ப்ரோலோகஸ் மல்ட்டிஃபேசியாட்டஸ். வீட்டில் யாருக்கும் வாயில் நுழையாததால் சங்குமீன் என்று ஆகிவிட்டது. தொட்டி இரண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம். விளிம்பு விட்டு ஊற்றினால் 50 லிட்டர் பிடிக்கும். வேறு மீன் எதுவும் அதில் கிடையாது. 2020 டிசம்பரில் சென்னை கொளத்தூரிலிருந்து பஸ் பார்சலில் ஆறு குட்டிகள் வந்தன. ஒன்று வழியிலேயே போய்விட்டது. மிச்சம் ஐந்திலிருந்து இன்றைக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும். எண்ணிப் பார்க்க முடியாது, எண்ண ஆரம்பித்ததும் பாதி கூட்டுக்குள் போய்விடும்.

அதற்கு முன்னால் எல்லாரையும் போல நானும் மலாவி மிக்ஸ்தான், அதாவது ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்களின் கலவைதான், வைத்திருந்தேன். மஞ்சள், நீலம், வரிப்புலி மாதிரி ஒன்று என்று கடைக்காரர் அள்ளிக் கொடுத்தது. மூன்று மாதத்தில் ஒரே ஒரு நீல ஆண் மிச்சம் இருந்தது, மற்றவற்றை எல்லாம் அடித்தே கொன்றிருந்தது. அவற்றுக்கு நாலடித் தொட்டி வேண்டும், கற்குவியல் வேண்டும், கூட்டமாகவும் போட வேண்டும். நெருங்கிய இனங்களைக் கலந்து வைத்தால் குஞ்சு என்ன சாதி என்றே சொல்ல முடியாது. சின்னத் தொட்டியில் ஒரே இனம் என்று நான் வந்து நின்றது அப்படித்தான். அந்த முடிவில் இன்று வரை வருத்தம் இல்லை.

வருத்தம் எல்லாம் மணலில்தான். இந்த மீனுக்குத் தோண்டத் தெரியும், அதைவிட்டால் வேறொன்றும் தெரியாது. வாயில் மணலை அள்ளி நாலு விரற்கடை தள்ளிப் போய்த் துப்பும். வாலை அடித்துக் கூட்டைச் சுற்றிக் குழி பறிக்கும். விளக்கு போட்டதும் தொடங்கினால் அணைக்கிற வரைக்கும் இதே வேலை. முதல் வாரம் அம்மா பார்த்துவிட்டு, "முற்றம் தூத்து வாருத மாதிரில்லா இருக்கு" என்று சிரித்தாள். ஒரே மாதத்தில் ஒரு மூலையில் தொட்டியின் அடிக்கண்ணாடியே தெரிந்தது. எதிர் மூலையில் குன்று.

சரி, அந்த மணல் எங்கிருந்து வந்தது? என் புத்திசாலித்தனத்தில் வந்தது. எங்கள் வீடு செம்மண் பூமியில் இருக்கிறது, கிணற்றுத் தண்ணீர் மென்னீர். டெஸ்ட் கிட்டில் பிஎச் 6.4 காட்டியது. இந்த மீனோ ஆப்பிரிக்காவின் தாங்கனீக்கா ஏரிக்காரன். அங்கே தண்ணீரின் பிஎச் 9-ஐ ஒட்டி இருக்கும். மணவாளக்குறிச்சிக் கடலோரத்தில் நண்பன் வீட்டு முற்றத்தில் ஒரு வாளி மணல் கிடந்தது. சிப்பித்தூள் கலந்த மணல், தண்ணீரைத் தானே கடினமாக்கும், காசும் இல்லை என்று கணக்குப் போட்டேன். பன்னிரண்டு தண்ணீர் விட்டு உப்புப் போகக் கழுவினேன். கணக்கும் பொய்க்கவில்லை. ஒரு மாதத்தில் பிஎச் 8 தாண்டியது. வாராவாரம் மாற்றுகிற ஒரு வாளித் தண்ணீரில் அரை டீஸ்பூன் ஆப்பச்சோடா கரைத்து விடுகிறேன், அவ்வளவுதான். நடுநடுவே கறுப்பும் கருஞ்சிவப்புமாக மின்னியது பார்க்கவும் அழகாக இருந்தது.

அந்தக் கறுப்பு இல்மனைட் என்ற இரும்புச்சத்துள்ள கனிமம் என்பதும், அது காந்தத்தில் ஒட்டும் என்பதும் எங்கள் குமரி மாவட்டத்தில் எந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கடற்கரையில் இழுத்து விளையாடாத பையன் யார்? மீன்தொட்டி மோட்டாருக்குள்ளும் ஒரு காந்தம் சுற்றுகிறது என்பது மட்டும் எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. குஞ்சை இழுக்காமல் இருக்க மோட்டார் வாயில் ஸ்பாஞ்ச் சுற்றியிருக்கிறேன். பருமணல் அதில் நிற்கும். கருமணல் பவுடர் மாதிரி, உள்ளே போய்விடும். போனது திரும்பி வராது, காந்தத்தைப் பிடித்துக்கொண்டு ஷாஃப்ட்டை அரைக்கும். கருஞ்சிவப்பாக மின்னியது கார்னெட். உப்புத்தாளில் ஒட்டுகிற அதே சரக்கு. கண்ணாடி துடைக்கிற காந்தத் துடைப்பானில் அது சிக்கியதைப் பார்க்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தேய்த்த தேய்ப்பில், முன்கண்ணாடியில் இன்றைக்கும் பதினொரு கோடு இருக்கிறது. மீனை எண்ண முடியவில்லை, கோட்டை எண்ணியிருக்கிறேன்.

இந்த மணலுக்கு ஒட்டுகிற குணம் பழசு. இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டிக்கொண்டே ஜெர்மனி வரைக்கும் போய், 1909-இல் ஷோம்பெர்க் என்ற வேதியியலாளர் கையில் மோனசைட் என்ற தோரியக் கனிமமாக மாட்டிய மணல் அல்லவா இது? அதிலிருந்து தோரியம் எடுத்து உலகமெல்லாம் காஸ் விளக்கு மேண்டில் எரித்தார்கள். கயிற்றையே விடாதது என் மோட்டாரை விடுமா?

மோட்டாரை விட்டுவிட்டு ஏர் பம்பும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் போடு என்பீர்கள். சரியான யோசனை. குஞ்சு எடுக்கிறவர்கள் எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள், நானும் முதலில் அதைத்தான் போட்டேன். தொட்டி இருப்பது அப்பா படுக்கிற அறையில். ராத்திரி முழுக்க பம்பு கொர்ரென்று இழுத்ததில் நாலாம் நாள் காலை அவரே பிளக்கைப் பிடுங்கி என் கையில் தந்துவிட்டார். மோட்டார் சத்தம் போடாது. நிற்கிறபோதும் சத்தம் போடாமலேதான் நிற்கும்.

இனி கூடு. முதலில் கன்னியாகுமரியில் ஒரு கடையில் சின்னச் சங்குகள் வாங்கினேன். வாளியில் ஊறப்போட்டதும் மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தது, வார்னிஷ். கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் ஷோகேஸில் வைக்கத்தான் விற்றார். கடைசியில் பூதப்பாண்டியில் மாமா வயலில் அறுப்பு முடிந்த பிறகு போய், காய்ந்து கிடந்த நத்தைக்கூடுகளை ஒரு பை நிறையப் பொறுக்கி வந்தேன். உப்புப் போட்டு அவித்தபோது வீடு நாறிய நாற்றத்தை அம்மா இன்னும் மறக்கவில்லை. எலுமிச்சை அளவுக்குக் கீழே உள்ளதாகப் பார்த்து இருபது கூடு போட்டேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, ஐந்து மீனும் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டன.

தாங்கனீக்கா ஏரியின் நீளம் ஏறக்குறைய நாகர்கோவிலிலிருந்து சென்னை போகிற தூரம். ஆழம் 1,470 மீட்டர். அங்கே நியோதௌமா என்றொரு நத்தை உண்டு. அந்த ஏரித் தண்ணீரில் சுண்ணாம்பு கரையாது, அதனால் செத்த நத்தையின் கூடுகள் அழியாமல் நூற்றாண்டுக் கணக்கில் தரையில் பரந்து கிடக்கின்றன. இந்த மீன் குடியிருப்பது அந்தக் கூடுகளில்தான். அவ்வளவு பெரிய ஏரியிலும் ஒரு குடும்பம் ஒரு பாய் விரிக்கிற இடத்துக்குள் பிறந்து வளர்ந்து செத்துப்போகும். அதனால்தான் இரண்டடித் தொட்டி அதற்குக் குறைவாகத் தெரிவதில்லை. பூதப்பாண்டி நத்தையின் வீட்டில் ஆப்பிரிக்க மீன் குடியேறி, வாசலில் நின்று என் விரலைக் கடிக்க வருகிறது. ஆண் இரண்டு அங்குலம் தொடாது, பெண் அதைவிடச் சின்னது. கடித்தால் வலிக்காது, ஆனால் நான்தான் கையை எடுக்கிறேன்.

குஞ்சு வந்தது 2021 ஏப்ரலில். முட்டை போட்டதை நான் பார்க்கவே இல்லை, பார்க்கவும் முடியாது. கூட்டின் உள்சுருளில் போடும். ஒருநாள் காலையில் ஒரு கூட்டின் வாசலில் தூசி மாதிரி ஏதோ அசைந்தது. குனிந்து பார்த்தால் தூசிக்குக் கண் இருக்கிறது. ஏழு. அப்பாவை எழுப்பிக் காட்டினேன். கண்ணாடி மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து காலையில் ஆர்ட்டீமியா, குஞ்சுத் தீனிக்கான பொடி இறால், பொரித்து விடுகிற வேலை அவருடையது, என்னை விடுவதில்லை.

பிரமாதம் அதற்குப் பிறகுதான். பல மீன்களில் குஞ்சைப் பிரித்து எடுக்காவிட்டால் பெற்றதே தின்றுவிடும். இங்கே எதையும் பிரிக்க வேண்டாம். முதல் ஈட்டுக் குஞ்சு அரை அங்குலம் ஆனபோது அடுத்த ஈடு வந்தது, அடுத்து இன்னொன்று. மூத்தது தாய்வீட்டைச் சுற்றியே இருக்கும், இளையது பக்கத்தில் மேயும், தன் வாயளவே உள்ள மணலைத் தானும் அள்ளித் துப்பும். கூட்டுக்குடும்பம் என்று நாம் பேச்சில்தான் வைத்திருக்கிறோம். மீன் விற்கிறவர்கள் "பிரீடிங் ஈஸி" என்று சொன்னால் நம்பாதவன் நான். இதில் நம்பலாம், நீங்கள் ஒன்றுமே செய்யாமல் இருந்தால் போதும்.

2021 நவம்பர் வெள்ளத்தில் எங்கள் பக்கம் ஒன்றரை நாள் கரண்ட் இல்லை. மக்கில் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம். ஒன்றுகூடச் சாகவில்லை. ஹீட்டர் நம் ஊரில் தேவையே இல்லை. பங்குனி, சித்திரையில்தான் கவனம் வேண்டும். தண்ணீர் 30 டிகிரி தாண்டினால் மேலே வந்து மூச்சு வாங்கும். மூடியைத் திறந்து வைத்து டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டால் இரண்டு டிகிரி இறங்கும்.

மணலை மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று இதைப் படிக்கிற எல்லாருக்கும் தோன்றும். 2022-இல் செய்து பார்த்தேன். கூடுகளை எல்லாம் வெளியே எடுத்து, மேல்மணலை வாரி, காந்தத்தை ஓட்டி, கறுப்பைப் பாதி பிரித்துவிட்டு, கூடுகளைத் திரும்ப அடுக்கினேன். நமக்கு எல்லாம் நத்தைக்கூடு. அவற்றுக்கு எது யாருடையது, எல்லை எங்கே என்று பத்திரம் இருக்கிறது. நான் அதைக் கலைத்துவிட்டேன். ஒரு வாரத்துக்குள் அடிதடியில் மூன்று போனது, முதலில் வந்த ஐந்தில் ஒரு பெண்ணும் அதில் சேர்த்தி. குழிக்குள் புதைந்திருந்த மிச்சக் கருமணலைத் தோண்டி மேலே கொண்டுவந்து போட்டதும் அவையேதான். அதன் பிறகு நான் மணலில் கை வைக்கவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மோட்டாரைப் பிரித்துத் தாடி வழிப்பேன். மறந்தால் தக்கலை.

ஆக, மீனுக்கு ஐந்துக்கு ஐந்து. ஐந்து வருஷத்தில் வியாதி என்று ஒருநாள் வரவில்லை, மருந்து வாங்கவில்லை, தீனிச் செலவு டீச் செலவை விடக் குறைவு. மோட்டார்க்காரர் மேலும் குற்றம் இல்லை, அவர் நல்ல தண்ணீருக்குச் செய்த மோட்டாரில் நான் கடற்கரையை ஓட்டினேன். அப்படியும் மொத்தத்துக்கு இரண்டுதான் கொடுப்பேன். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு, ஈரத்தரையில் உட்கார்ந்து, பழைய டூத் பிரஷ்ஷால் காந்தம் தேய்த்தவன் கொடுக்கிற மதிப்பெண் அது. வாங்காதே என்று போனில் சொன்னதை மாற்றவில்லை.

தோழன் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு முக்கால் மணி நேரம் பார்த்தான். எட்டுக் குட்டி வேண்டும் என்றான். கூட்டுக்குள் போனதை எப்படிப் பிடிப்பது என்று கேட்டான். கூட்டை வாய் கீழே இருக்கும்படி வாளித் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே கட்டித் தொங்கவிட்டேன். டீ குடித்து முடிப்பதற்குள் ஒவ்வொன்றாகத் தொப் தொப்பென்று விழுந்தது. கூடு ஆறும் கேட்டான், கொடுத்தேன்.

கிளம்புகிற நேரத்தில் திரும்பிப் பார்த்து, "இந்த மணல் அருமையா மின்னுகுல்லா, ஒரு கவர் தாயேன் மக்கா" என்றான்.

வாளியில் மிச்சம் இருந்ததை வாய் கட்ட முடியாத அளவுக்கு அள்ளிக் கொடுத்தேன். மோட்டாரா, ஏர் பம்பா என்று நான் கேட்கவில்லை.