பழைய சியர்லீடிங்கா, ஸ்டன்ட்டா?

ஆளைத் தூக்கி நிறுத்துவது, குட்டிக்கரணம் போடுவது போன்ற சாகசங்களைக் குழுவாகச் செய்வதுதான் சியர்லீடிங். அமெரிக்கக் கல்லூரி சியர்லீடிங்கில் இப்போது இரண்டு வழிகள் இருக்கின்றன: பழைய போட்டி முறை, ஸ்டன்ட் என்ற புதிய ஆட்டம். பழைய வழியை எல்லோருக்கும் தெரியும். ஃப்ளோரிடாவின் டேடோனா பீச்சில் ஏப்ரலில் நடக்கும் போட்டி அதற்கு நல்ல உதாரணம். ஒரு வருட உழைப்பை இரண்டரை நிமிடத்துக்குள் இசையோடு காட்டி, நடுவர்களின் மதிப்பெண்ணுக்காகக் காத்திருக்க வேண்டும்.

2010இல் கனெக்டிகட்டில் வந்த தீர்ப்புதான் திருப்பம். ஒரு பல்கலைக்கழகம் பெண்கள் வாலிபால் அணியை நிறுத்த முடிவெடுத்து, அந்த இடத்தில் சியர்லீடிங்கைக் காட்டியது. பாலின சமத்துவச் சட்டமான டைட்டில் நைனின்படி பெண்களுக்குத் தர வேண்டிய விளையாட்டு வாய்ப்புகளின் கணக்கில் இதை விளையாட்டாகச் சேர்க்க முடியாது என்றார் நீதிபதி. போட்டி அமைப்பும் விதிகளும் ஒழுங்காக இல்லை என்பதே காரணம்.

அதையொட்டி, விளையாட்டாகவே ஏற்கப்பட வேண்டும் என்று வளர்ந்ததுதான் ஸ்டன்ட். பெண்களுக்கு மட்டுமான ஆட்டம், நான்கு கால் பகுதிகள். இரண்டு அணிகளும் ஒரே ரொட்டீனை, அதாவது ஒரே அசைவு வரிசையை, ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்தில் செய்கின்றன. மேலே ஏறியவளின் முழங்கால் ஒரு பக்கம் லேசாக மடங்கினால், மறுபக்கம் நேராக நிற்பவளைப் பார்த்ததுமே வித்தியாசம் தெரிந்துவிடும். நன்றாகச் செய்த அணிக்கு ஒரு புள்ளி.

சொந்தக் கற்பனைக்குப் பழைய வழியில்தான் இடம் அதிகம். ஸ்டன்ட்டில் ரொட்டீன்கள் முன்கூட்டியே வகுக்கப்பட்டவை. சரி, எனக்கு எது பிடிக்கும்? ஸ்டன்ட்தான். அந்தப் பெண்கள் வீராங்கனைகள் என்பதை விதியே ஒப்புக்கொள்கிறதே!