மோலிசெல் பி26ஏ பேட்டரி: ஒன்றரை வருடம் வேப்பில் போட்டுப் பார்த்ததில்

சிகரெட்டை விட்டு வேப்புக்கு, அதாவது மின் சிகரெட்டுக்கு, வந்து நான்கு வருடம் ஆகிறது. இருப்பது லண்டனில். 2025 ஜூன் 1 முதல் இங்கே ஒருமுறை உபயோகித்துத் தூக்கிப்போடும் வேப்பை விற்கக் கூடாது என்று ஆகிவிட்டது, அதிலிருந்து பேட்டரி மாற்றும் மாட் (வேப்பில் பேட்டரி இருக்கும் கைப்பிடிப் பகுதி) வாங்கலாமா என்று என்னிடம் விசாரிக்கிறவர்கள் கூடிவிட்டார்கள். எல்லோரும் ஃப்ளேவர் கேட்கிறார்கள், காயில் (திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருள்) கேட்கிறார்கள், பேட்டரியைப் பற்றி ஒருவர்கூடக் கேட்பதில்லை. அந்தக் கவலையில்தான் இதை எழுதுகிறேன். சிகரெட் பழக்கமே இல்லாதவர்கள் தயவுசெய்து இந்தப் பக்கம் வரவேண்டாம். இந்தியாவில் இருப்பவர்களுக்கு இது உதவாது, அங்கே 2019லேயே இதைச் சட்டப்படி தடை செய்துவிட்டார்கள்.

என் மாட்டில் இரண்டு 18650 செல், அதாவது கழற்றி மாட்டும் உருளை பேட்டரி, போட வேண்டும். இந்த பி26ஏ ஜோடிக்கு முன்னால் இணையத்தில் ஒரு கடையில் மலிவாக ஒரு ஜோடி வாங்கினேன். மேலே 9900 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவு) என்று பெரிதாக அச்சடித்திருந்தார்கள். மாட்டிய பத்து நிமிடத்தில் மாட்டின் கதவு வழியாகச் சூடு உள்ளங்கைக்கு வந்துவிட்டது. உடனே கழற்றிச் சமையலறைத் தராசில் வைத்தேன், 31 கிராம். ஒழுங்கான 18650 செல் பெரும்பாலும் 45 கிராம் சுற்றி இருக்கும். அந்தப் பெயருக்கே 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்றுதான் பொருள், அந்தச் சின்ன டப்பாவுக்குள் நல்ல கம்பெனிகளாலேயே பெரும்பாலும் 3500, 3600 எம்ஏஎச் சுற்றித்தான் அடைக்க முடிகிறது. 9900 என்று போட்டிருந்தால் அது பொய், அவ்வளவுதான், மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம்.

சரி, பி26ஏவுக்கு வருகிறேன். தைவான் கம்பெனி, 2600 எம்ஏஎச், 35 ஆம்பியர் வரை கொடுக்கும் என்று சொல்கிறார்கள். அவ்வளவு இழுத்தால் செல் நன்றாகச் சூடாகும் என்பதால் நான் 25க்கு மேல் போவதில்லை. இதைவிட அதிக எம்ஏஎச் உள்ள செல்லை ஏன் வாங்கவில்லை என்று கேட்பார்கள். விடிசி6 என்று ஒன்று, 3000 எம்ஏஎச், நல்ல செல்தான், ஆனால் தொடர்ந்து 15 ஆம்பியர்தான் அதன் கணக்கு. எம்ஏஎச் என்பது எவ்வளவு நேரம் தாங்கும் என்பது, ஆம்பியர் என்பது எவ்வளவு வேகமாக எடுக்கலாம் என்பது. வேப்புக்கு ஆம்பியரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கணக்கு கடினமில்லை. முழுதாகச் சார்ஜ் ஏறிய செல் 4.2 வோல்ட். அதைக் காயிலின் ஓம்ஸால் (மின்தடை) வகுத்தால் ஆம்பியர். 0.5 ஓம் காயில் என்றால் 8.4, பயமில்லை. 0.2 என்றால் 21. 0.15க்கு இறங்கினால் 28, என் வரம்பைத் தாண்டிவிடும். இது உள்ளே மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சிப் எதுவும் இல்லாத மெக் மாட்டுக்கான கணக்கு. 2018 மே மாதம் புளோரிடாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 38 வயது ஆள் ஒருவர் கையிலிருந்த வேப் வெடித்துச் செத்துப்போனார், அதைப் படித்ததிலிருந்து நான் மெக் மாட்டைத் தொடுவதே இல்லை. சிப் உள்ள மாட்டில் நாம் வைக்கும் வாட்ஸைத்தான் பார்க்க வேண்டும், இங்கேதான் நிறையப் பேர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்: பேட்டரி இறங்க இறங்க மாட் அதிக ஆம்பியர் இழுக்கும். ஒற்றைச் செல் மாட்டில் 80 வாட்ஸ் வைத்து, செல் 3.2 வோல்ட்டுக்கு வந்தால் 25 ஆம்பியர், சிப்பில் வீணாவதையும் சேர்த்தால் அதற்கும் மேல். அதனால்தான் இரண்டு செல் மாட் வாங்கினேன், சுமை பாதியாகிவிடும்.

போன மாதம் ஒரு செல்லைக் கழற்றும்போது மேல் விளிம்பில் ரேப், அதாவது செல்லைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறை, கிழிந்திருந்தது. நகக்கண்ணில் பாதிதான் இருக்கும், அந்த இடத்தில் உள்ளிருந்த உலோகம் பளபளத்தது. இதை அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். அந்த உருளை முழுக்க மைனஸ், உச்சியில் இருக்கும் பொட்டு மட்டும்தான் பிளஸ், இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய வளையம், அவ்வளவுதான் காவல். கிழிந்த ரேப்போடு எங்கேயாவது உலோகத்தில் உரசினால் ஷார்ட். புது ரேப்பும் வளையமும் சில காசுக்குக் கிடைக்கும், வளையத்தை உட்காரவைத்து, ரேப்பை மாட்டி, முடி உலர்த்தும் மெஷினால் லேசாகச் சூடு காட்டினால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். இரண்டு நிமிட வேலை.

அப்புறம் பாக்கெட். சில்லறையும் சாவியும் கிடக்கிற பாக்கெட்டில் செல்லைச் சும்மா போடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அமெரிக்காவின் தீயணைப்பு நிர்வாகம் 2017ல் ஓர் அறிக்கை போட்டது. 2009 முதல் 2016 வரை அங்கே செய்தியில் வந்த 195 வேப் தீ, வெடிப்புச் சம்பவங்களில் 61 பாக்கெட்டுக்குள் நடந்தவை. செல்லைப் போட்டு எடுத்துப்போகும் பிளாஸ்டிக் டப்பா ஒரு பவுண்டுதான்.

சார்ஜ் போடுவதற்கு எக்ஸ்டார் விசி4 வைத்திருக்கிறேன். ஒவ்வொரு செல்லின் வோல்ட்டேஜையும் தனித்தனியாகக் காட்டும், இரண்டு செல் போட்டால் ஆளுக்கு 1 ஆம்பியர் கொடுக்கும், இந்தச் செல்லுக்கு அது இதமான வேகம். ஜோடியை நான் பிரிப்பதே இல்லை: ஒன்றாக வாங்கியது, ஒன்றாகச் சார்ஜ் ஏறும், ஒன்றாக மாட்டுக்குள் போகும். பழையதும் புதியதும் சேர்ந்தால் பலவீனமான செல் தாங்க முடியாத அளவுக்கு இறங்கிவிடும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குவதும் கிடையாது. சமையலறை டைல்ஸ் மேல்தான் சார்ஜர், மெத்தைப் பக்கமே வராது.

ஒன்றை மறைக்கக் கூடாது. சாம்சங், எல்ஜி போன்ற பெரிய கம்பெனிகளே இந்தச் செல்களைத் தனியாக வேப்பில் போட வேண்டாம் என்றுதான் சொல்கின்றன. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமும் 2021 ஜனவரியில் தனிச் செல்களை வாங்க வேண்டாம் என்று எச்சரித்தது. லேப்டாப், ட்ரில் மெஷின் பேட்டரிகளில் செல்லோடு ஒரு காவல் சர்க்யூட் இருக்கும், நம் கையில் இருக்கும் வெறும் செல்லில் அது இல்லை. இந்தக் கணக்கெல்லாம் தலைவலி என்று நினைப்பவர்கள் பேட்டரி உள்ளேயே பொருத்தி வரும் கிட்டை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் தப்பு இல்லை.

என் ஜோடிக்கு இப்போது வயதாகிவிட்டது. ஒன்றரை வருடம் தினமும் உழைத்த செல்கள், குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. சார்ஜ் முடிந்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒன்றில் 4.18 வோல்ட், மற்றதில் 4.09, அதாவது ஒன்று தளர்ந்துவிட்டது. இரண்டின் முனைகளிலும் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன், சனிக்கிழமை சூப்பர்மார்க்கெட் போகும்போது அங்கே இருக்கும் பழைய பேட்டரிப் பெட்டியில் போட்டுவிடுவேன். புது ஜோடியும் பி26ஏதான், வந்ததும் முதலில் தராசில் ஏற வேண்டும்.