பதக்கம் அசலா, பெயர் அசலா: லூப், தராசு, எக்ஸ்ஆர்எஃப், ஆவணம், எது எதைப் பிடிக்கும்?

பெங்களூர் சண்டே பஜாரில் முதல் உலகப் போர்ப் பதக்கமான பிரிட்டிஷ் வார் மெடல் ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்புறம் ஐந்தாம் ஜார்ஜ் தலை. பின்புறம் குதிரைமேல் புனித ஜார்ஜ், 1914, 1918 என்ற ஆண்டுகள். விளிம்பில் ஒரு தமிழ்ப் பெயரும், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று அழைக்கப்படும் ராணுவப் பொறியாளர் படைப்பிரிவின் சுருக்கமும். “சுத்த வெள்ளி சார், சந்தேகம்னா நகரத்பேட்டை நகைக்கடைல காட்டிப் பாருங்க” என்பார் கடைக்காரர். காட்டினால் வெள்ளி என்றே வரும். ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு விலை பேசக் கூடாது.

காரணம் எளிது. இந்தப் பதக்கம் வெள்ளியில் சுமார் 65 லட்சம் அடிக்கப்பட்டது. வெறும் வட்டைப் போலி செய்வதில் பெரிய லாபமில்லை. விலையை நிர்ணயிப்பது விளிம்பில் இருக்கும் பெயர். சாப்பர்ஸின் இன்றைய வடிவமான மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் அல்சூரில் இருப்பதால் இந்த ஊரில் சாப்பர்ஸ் பெயர் உள்ள பதக்கத்துக்கு எப்போதும் ஆள் உண்டு. தாத்தாவின் படைப்பிரிவு என்று தேடி வரும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. ஆகவே ஏமாற்றுபவர் அசல் பதக்கத்தையே எடுத்துக்கொள்கிறார். இருக்கும் பெயரை அரத்தால் தேய்த்துவிட்டு, விலைபோகும் பெயரைப் பொறிக்கிறார். உலோகம் அசல், அச்சு அசல், பெயர் பொய். ஒவ்வொரு சோதனை முறையையும் இந்தக் கேள்வியின் முன்னால் நிறுத்தித்தான் மதிப்பிட வேண்டும்.

லூப்பும் காலிப்பரும்

முதல் பணத்தை இதில் போடுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லூப், 0.01 மி.மீ. காட்டும் டிஜிட்டல் காலிப்பர், ஒரு சின்ன டார்ச். அவ்வளவு போதும்.

டார்ச்சை விளிம்புக்குப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து எழுத்துகளைப் பாருங்கள். வார் மெடலில் அரசுப் பெயர்ப்பொறிப்பு என்பது எழுத்து முத்திரையால் அடித்தது. முத்திரை உலோகத்தை வெட்டி எடுக்காது, பக்கத்துக்குத் தள்ளும். அதனால் எழுத்தின் ஓரத்தில் மெல்லிய மேடு எழும்பி நிற்கும். எழுத்துக்கு எழுத்து ஆழமும் வரிசையும் கொஞ்சம் மாறும். உளியால் செதுக்கிய எழுத்து வேறு மாதிரி. பள்ளம் கூம்பாக இறங்கும், கோடு மெலிதாகத் தொடங்கி நடுவில் தடித்து மறுபடி மெலியும். இன்றைய கோப்பைக் கடை இயந்திரம் பொறித்தால் எல்லாக் கோடும் ஒரே அகலம், ஒரே ஆழம், அடியில் பளபளப்பு. லேசர் என்றால் அடிப்பகுதி கருகி, சொரசொரப்பாக இருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. செதுக்கிய எழுத்து என்றாலே போலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 1908ஆம் ஆண்டின் இந்தியா ஜெனரல் சர்வீஸ் மெடலில் சாய்ந்த கையெழுத்துப் பாணியில் அரசே செதுக்கிக் கொடுத்தது உண்டு. வார் மெடலில் அதே கையெழுத்து இருந்தால்தான் கேள்வி எழ வேண்டும். இன்னொன்று, இந்திய வீரர்களின் வார் மெடல்களுக்குக் கல்கத்தா நாணயச்சாலை பெயர் அடித்தது. அந்த எழுத்துரு லண்டன் எழுத்துருவைப் போல் இருக்காது. இங்கிலாந்து வீரர் ஒருவரின் பதக்கப் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, நல்ல பதக்கத்தைத் தள்ளிவிடுகிற தவறு அடிக்கடி நடக்கிறது. ஒப்பிடுவதானால் இந்தியப் படைப்பிரிவின் பதக்கத்தோடு ஒப்பிடுங்கள்.

அடுத்தது அளவு. பதக்கத்தின் விட்டம் 36 மி.மீ. நாடாப்பட்டையைப் பிடிக்கும் நகப்பிடி மேலே இருப்பதால் 12 மணி திசையை விட்டுவிடுங்கள். 1-7, 2-8, 3-9, 4-10, 5-11 என்று ஐந்து திசைகளில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு சில திசைகளில் மட்டும் 0.2, 0.3 மி.மீ. குறைந்தால் அரம் பட்டிருக்கிறது. எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி அரை மி.மீ.க்கு மேல் குறைந்தால், அது அசலிலிருந்து அச்செடுத்து உருக்கி வார்த்த நகல். வார்த்த உலோகம் ஆறும்போது ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் சுருங்கும். விளிம்பு முழுவதையும் கவனமாகத் தேய்த்தவர்கூட நகப்பிடிக்கு அடியில் அரத்தை விட முடியாது. அதனால் பிடியின் இருபுறமும் ஒரு சின்னப் படி தெரியும். முகப்பில் வட்டமாக ஓடும் மேட்டு வரம்பையும் பாருங்கள். தேய்த்த பக்கத்தில் அது ஒல்லியாகிவிடும்.

தேய்மானம் பொருந்துகிறதா என்பது இதைவிட நம்பகமான சாட்சி. பல ஆண்டுகள் பிராசோ போட்டுத் துடைத்த பதக்கத்தில் மன்னரின் தலைமுடியும் காதும் மழுங்கியிருக்கும். அப்படியிருக்க விளிம்பு எழுத்து மட்டும் நேற்று அடித்ததுபோல் கூர்மையாக இருந்தால், வாங்காதீர்கள். வார்த்த நகலில் குதிரையின் காலடியில் கிடக்கும் மண்டையோடும் கழுகுக் கேடயத்தின் இறகுகளும் சோப்பில் செய்ததுபோல் வழுவழுப்பாக இருக்கும். வெறும் பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தெரியும்.

தண்ணீரும் தராசும்

அடர்த்தியை வீட்டிலேயே அளக்கலாம். 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு வேண்டும். நாடாவைக் கழற்றிவிட்டுப் பதக்கத்தை நிறுங்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, பதக்கத்தை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்தான் பதக்கத்தின் கன அளவு. முதல் எடையை இதனால் வகுங்கள். 30 கிராம் பதக்கத்துக்கு 2.90 வந்தால் அடர்த்தி 10.34, அதாவது 92.5 வெள்ளி. 3.37 வந்தால் 8.9, செம்பும் நிக்கலும் கலந்த கப்ரோ நிக்கல். துத்தநாகக் கலவையில் வார்த்த மலிவு நகல் 6.7 அளவுக்கு இறங்கிவிடும்.

தவறு நடப்பது நகப்பிடியின் இடுக்கில் ஒட்டும் காற்றுக் குமிழியால். 0.05 மி.லி. குமிழி இருந்தாலே 10.34 என்பது 10.17 ஆகிவிடும். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டு, பதக்கத்தை லேசாக ஆட்டி, மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள்.

இந்தச் சோதனை உலோகத்தைத் தவிர வேறெதையும் சொல்லாது. பெயர் மாற்றிய அசல் இதில் முழு மதிப்பெண் வாங்கும். வெள்ளியிலேயே வார்த்த நகலும் வாங்கும்.

எக்ஸ்ஆர்எஃப் துப்பாக்கி

எக்ஸ் கதிரைப் பாய்ச்சி என்ன உலோகம் என்று சொல்லும் கருவி இது. சிக்பேட்டை, அவென்யூ ரோடு பக்கத்து நகைச் சோதனை நிலையங்களில் நிமிடத்தில் பார்த்துக் கொடுப்பார்கள். பதக்கத்தைக் கொடுக்கும் முன்பே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: உரைகல்லில் தேய்க்கக் கூடாது, அமிலம் விடக் கூடாது, சுரண்டக் கூடாது. நகைக்கு வழக்கமான அந்தச் சோதனைகள் பதக்கத்தின் மதிப்பைக் கெடுத்துவிடும்.

கருவி பார்ப்பது மேல்பரப்பை மட்டும். தடித்த வெள்ளி முலாம் அதை ஏமாற்றும். முலாமைப் பிடிக்கத் தண்ணீர்ச் சோதனையே மேல். எக்ஸ்ஆர்எஃப் உண்மையில் கைகொடுக்கும் இடம் நகப்பிடி. பற்றவைத்த இடத்தில் காட்மியம் தெரிந்தால் பட்டை பிற்காலத்தில் மறுபடி பற்றவைக்கப்பட்டது என்று கொள்ளலாம். வார் மெடலின் பட்டை அசையாமல் நிற்க வேண்டும். சுழன்றால் அங்கேயும் காட்டச் சொல்லுங்கள்.

அறிக்கையை அப்படியே நம்பி நல்லதைக் கைவிடவும் வாய்ப்பிருக்கிறது. வார் மெடல் வெண்கலத்திலும் உண்டு, சுமார் 1,10,000. சீனா, மால்டா, இந்தியா ஆகிய இடங்களிலிருந்து போன தொழிலாளர் படையினருக்கும் முகாம் பணியாளர்களுக்கும் கொடுத்தவை. “வெள்ளியில்லை, டூப்ளிகேட்” என்று நகைக்காரர் திருப்பிக் கொடுப்பது வெள்ளிப் பதக்கத்தைவிட அரிதான ஒன்றாக இருக்கலாம்.

நாடாவும் புற ஊதா விளக்கும்

குறைந்த மதிப்பெண் இதற்குத்தான். பழைய பட்டு, பருத்தி நாடா புற ஊதா ஒளியில் ஒளிராது, பிற்காலச் செயற்கை இழை பளீரென்று நீலமாக ஒளிரும் என்பது சரி. ஆனால் அசல் பதக்கத்தில் புது நாடா மாட்டியிருப்பது சாதாரணம். டிடர்ஜென்ட்டில் துவைத்த பழைய நாடாவும் ஒளிரும். பழைய நாடாவைக் கழற்றிப் போலியில் மாட்டவும் முடியும்.

ஆவணங்கள்

இங்கிலாந்து வீரர் என்றால் லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பதக்க அட்டவணை அட்டைகளில் பெரும்பாலும் பெயர் கிடைத்துவிடும். இந்தியச் சிப்பாய்க்கு அந்த வசதி மிகக் குறைவு. ஆகவே அங்கே பெயர் இல்லாததைப் போலிக்கு ஆதாரமாக எடுக்கக் கூடாது. போரில் இறந்தவர் என்று கடைக்காரர் சொன்னால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் எண், பதவி, படைப்பிரிவு மூன்றையும் ஒப்பிடுங்கள். பெயர் மட்டும் ஒத்துப்போனால் போதாது. ராமசாமி, முனுசாமி, அந்தோணி ஒவ்வொரு படைப்பிரிவிலும் பலர். முனுசாமி ஒரு தாளில் முனிசாமி ஆவதும் சகஜம். படை எண் ஒத்துப்போனால் எழுத்து வேறுபாட்டை மன்னிக்கலாம்.

படைப்பிரிவின் பெயரும் ஒரு ஆவணம்தான். 1911 முதல் 1923 வரை அதன் பெயர் இரண்டாம் குயின் விக்டோரியாஸ் ஓன் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். முன்பு இருந்த ‘மெட்ராஸ்’ என்ற சொல் 1923இல்தான் மறுபடி சேர்ந்தது. முதல் உலகப் போர்ப் பதக்கத்தில் ‘மெட்ராஸ்’ என்று இருந்தால் லூப்பை மறுபடி எடுங்கள்.

சுதந்திரத்துக்குப் பிந்தைய வீரப் பதக்கங்களில் மட்டும் ஆவணம் முதலிடத்துக்கு வந்துவிடுகிறது. பாதுகாப்பு அமைச்சகத்தின் வீர விருது இணையதளத்திலும் இந்திய அரசிதழிலும் பெயர்கள் உள்ளன. பரம் வீர் சக்ரா இதுவரை 21 பேருக்கே கிடைத்தது. அது தெருவில் விற்பனைக்கு வந்தால் லூப்பே தேவையில்லை, நகல்தான். சேவைப் பதக்கங்களில் விளிம்பு வெறுமையாக இருந்தால், சீருடையில் அணிய ராணுவக் கடைகளில் விற்கும் நகலாக இருக்க வாய்ப்பு அதிகம். நகல் என்று சொல்லி விற்றால் அதில் குற்றமில்லை.

பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயரே பொறிக்காமல் கொடுத்த இரண்டாம் உலகப் போர் நட்சத்திரங்களில் இந்த வரிசை தலைகீழாகும். பர்மா ஸ்டார் போன்றவற்றில் 44-க்கு 38 மி.மீ. என்ற அளவும் நடுவிலுள்ள மன்னர் முத்திரையின் கூர்மையும்தான் துணை. அதில் சந்தேகம் இருந்தால் தனி நட்சத்திரத்தை விட்டுவிட்டு, பணிச் சான்றிதழோடு குடும்பத்திலிருந்து வரும் தொகுப்புக்குக் காத்திருங்கள்.

லண்டனுக்கு அனுப்பி நிபுணரிடம் காட்டிவிடலாம் என்ற யோசனை முதல் உலகப் போர்ப் பதக்கத்துக்கு உதவாது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. விளிம்பைச் சுற்றி எட்டுப் படங்கள், சாய்ந்த வெளிச்சத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்து அனுப்புங்கள். நகப்பிடியின் இரு பக்கமும் படத்தில் விழட்டும்.